சுண்ணாம்பும் பாக்குவெட்டியும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தக்கலைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் மூன்று நண்பர்கள், மூவருக்கும் முப்பது வயது கடந்துவிட்டது. சனிக்கிழமை இரவுகளில் ஒரு நண்பனின் வீட்டு மாடி அறையில் கூடி, இங்கே பெரும்பாலும் யாரும் கேள்விப்பட்டிராத பழைய திகில் வீடியோ கேம்களை, பழைய கருவிகளைப் போலவே கணினியை நடக்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருளில் போட்டு விளையாடுகிறோம். விளையாடும் நேரத்தைவிட அவற்றைப் பற்றிப் பேசும் நேரம் அதிகம்.

போன வாரம் இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்தது. 1995-இல் ஜப்பானில் வெளிவந்த ‘டி’ என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், நடுவில் நிறுத்தி வைக்கவோ சேமிக்கவோ முடியாது என்பதுதான் அந்த விளையாட்டு. ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனபோது கரண்ட் போய்விட்டது. இனிமேல் எமுலேட்டரில் இருக்கும் சேவ் ஸ்டேட்டை, அதாவது எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே சேமித்துவைக்கும் வசதியைப் பயன்படுத்துவோம் என்று ஒரு நண்பன் சொன்னான். அது ஏமாற்று வேலை என்று இன்னொருவன் கோபித்துக்கொண்டு, மழையிலேயே வீட்டுக்குப் போய்விட்டான். எங்களுக்கு இரண்டு கேள்விகள். சேவ் ஸ்டேட் பயன்படுத்துவது தவறா? திரையில் உருவங்கள் இவ்வளவு கரடுமுரடாக இருந்தும் பயம் வருகிறதே, அவற்றில் விடுபட்டதை மனம் நிரப்பிக்கொள்வதுதான் அதற்குக் காரணமா?

அன்புடன்,
ஒரு வாசகர், தக்கலை

*

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் தெளிவு கிடைத்தால் முதல் கேள்விக்கான விடை தானாகவே வந்துவிடும். விடுபட்டதை மனம் நிரப்பிக்கொள்கிறது என்ற விளக்கத்தைப் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. அதே இயந்திரங்களில், அதே கரடுமுரடான கட்டங்களைக் கொண்டு, கார் ஓட்டும் விளையாட்டும் பழம் பறிக்கும் விளையாட்டும் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. அவற்றிலும் மனம் நிரப்பிக்கொள்ள வேண்டிய இடங்கள் ஏராளம் இருந்தன, ஆனாலும் யாரும் பயப்படவில்லை. ஆகவே பயத்துக்கு வேறொரு வேர் இருந்தாக வேண்டும். விளையாடுகிறவனின் கைக்கு எது அனுமதிக்கப்பட்டிருக்கிறது, எது மறுக்கப்பட்டிருக்கிறது என்ற விதியில்தான் அந்த வேர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘த்ரீடி மான்ஸ்டர் மேஸ்’ விளையாட்டை உங்கள் மாடி அறையில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1981-இல் மால்கம் எவன்ஸ் சின்க்ளேர் இசட்எக்ஸ்81 கணினிக்காக எழுதியது. அந்தக் கணினியின் சொந்த நினைவகம் 1 கிலோபைட் மட்டுமே, இந்த விளையாட்டுக்காகப் பின்புறம் 16 கிலோபைட் பெட்டி ஒன்றைச் செருக வேண்டும். கறுப்பு வெள்ளைத் திரை, ஒலி என்பதே கிடையாது. நம்மைத் துரத்தும் டைனோசரும் சில கறுப்புக் கட்டங்களின் தொகுப்புதான். ஆனால் திரையின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். அவன் பதுங்கிக் கிடக்கிறான் என்று முதலில் சொல்லும், பிறகு உன்னைத் தேடுகிறான் என்று சொல்லும், அதன்பின் காலடிகள் நெருங்குகின்றன என்று சொல்லும். ஒலியே எழுப்பத் தெரியாத ஓர் இயந்திரம் காலடிச் சத்தத்தைப் பற்றி எழுத்தில் அறிவிக்கிறது. விலங்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. கையில் ஆயுதம் எதுவும் இல்லை, திரும்பி ஓடலாம், அவ்வளவுதான். தூரத்தைச் சொல்லித் திசையை மறைக்கும் அந்த ஒரு விதியை எடுத்துவிட்டு, இன்றைய உயர்ந்த படத்தரத்தில் அதே டைனோசரை வரைந்து காட்டினால், குழந்தைகள் அதைப் பார்த்துக் கைதட்டுவார்கள்.

அடாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு 1982-இல் வந்த ‘ஹாண்டட் ஹவுஸ்’ இன்னும் நல்ல உதாரணம். இருண்ட மாளிகையில் சிதறிக் கிடக்கும் மூன்று சாடித் துண்டுகளைத் தேடி எடுத்து வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். நம் உடல் திரையில் இல்லை, இருட்டில் இரண்டு கண்கள் மட்டும் உருண்டுகொண்டிருக்கும். தீக்குச்சி கிழித்தால் சுற்றி ஒரு சிறு வட்டத்துக்கு வெளிச்சம் வரும், ஆனால் பேயோ சிலந்தியோ அறைக்குள் நுழைந்தவுடன் காற்று வீசிக் குச்சி அணைந்துவிடும். அதாவது, எந்த நேரத்தில் பார்க்க வேண்டுமோ அந்த நேரத்தில் பார்க்க முடியாது. பேய்களிடமிருந்து காக்கும் செங்கோல் ஒன்றும் அங்கே கிடைக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் சுமக்கலாம் என்பதால், செங்கோலை வைத்திருந்தால் சாடியை எடுக்க முடியாது, சாடியை எடுத்தால் காவல் போய்விடும். 4 கிலோபைட்டுக்குள் எழுதி முடித்த ஒரு விளையாட்டில் பாதுகாப்பையும் நோக்கத்தையும் ஒரே கையில் பிடிக்க முடியாதபடி அமைத்திருக்கிறார்களே, அதை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள நாம் ஜப்பானுக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டியதே இல்லை. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலி என்ற பேயின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். என் ஆச்சி சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்தக் கதையைத் தொடங்குவாள். நீலியின் பல்லையோ கூந்தலையோ அவள் விவரித்ததாக எனக்கு நினைவில்லை. இராத்திரியில் தனி வழியில் ஒரு பெண் வந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், விரலால் எடுத்துக் கொடுத்தால் உன் கதை முடிந்தது, இரும்பின் முனையில் வைத்துத்தான் நீட்ட வேண்டும், இவ்வளவுதான் அவள் சொல்வாள். சொல்லும்போதே பாக்குவெட்டியின் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தோண்டி என் முகத்துக்கு நேராக நீட்டுவாள். அந்த வெள்ளைப் பொட்டு மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் நடுங்கிக்கொண்டிருக்கும், என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடும். நீலி எப்படி இருப்பாள் என்ற கவலை எனக்கு அப்போது வந்ததே இல்லை. அந்த நேரத்தில் நான் மறந்துபோய் விரலை நீட்டிவிடுவேனோ என்றுதான் தூக்கம் வராமல் கிடப்பேன்.

இந்த இடத்தில் ‘ஸ்வீட் ஹோம்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திகில் விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதன் பெயரைச் சொல்கிறார்களே தவிர, விளையாடியவர்கள் குறைவு. கேப்காம் நிறுவனம் 1989-இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது, இயக்கியவர் டோக்குரோ புஜிவாரா. அதே பெயரில் அதே ஆண்டு ஜப்பானில் வந்த ஒரு திரைப்படத்தைத் தழுவியது. ஜப்பானுக்கு வெளியே அதிகாரப்பூர்வமாக வரவே இல்லை, ஆங்கிலத்தில் நமக்குக் கிடைப்பது ரசிகர்கள் தாங்களே உட்கார்ந்து மொழிபெயர்த்த வடிவம். ஓர் ஓவியரின் கைவிடப்பட்ட மாளிகைக்குள் சுவரோவியங்களைப் படம் பிடிக்கப் போன ஐந்து பேர் உள்ளே சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் சாவி, ஒருவரிடம் மருந்துப் பெட்டி, ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் வாக்குவம் கிளீனர். மூன்று பேருக்கு மேல் ஒரு குழுவாக நடக்க முடியாது, ஆகவே எப்போதும் பிரிந்தே இருக்க வேண்டும். யார் இறந்தாலும் மீண்டும் எழுவதில்லை. அவர் செய்துகொண்டிருந்த வேலைக்கு மாற்றுப் பொருளை வீட்டுக்குள் தேடலாம், ஆனால் ஏற்கெனவே நெருக்கடியான பைகளில் அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பேர் உயிரோடு வெளியே வருகிறார்களோ அதற்கேற்ப முடிவும் மாறும்.

வாக்குவம் கிளீனர் வைத்திருக்கும் பெண்ணை முதன்முறை இழந்தபோது எனக்கு அவள்மேல் பெரிய பாசம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் வழியில் உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடக்கும் ஓர் இடத்துக்கு வந்து நின்றபோது, அவள் இல்லாத வெறுமை என்னை அறைந்தது. அதுவரை அந்த இடத்தை யோசிக்காமல் கடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டில் ஒருவர் போனபின் அவர் செய்துவந்த சிறு வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுபோவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு புரியும். இந்த விளையாட்டை மறுபடி உருவாக்கும் எண்ணத்தில் தொடங்கிய முயற்சிதான் 1996-இல் ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆக வளர்ந்தது. அறைக்கு அறை கதவு மெல்லத் திறக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கும் இங்கேதான் ஊற்றுக்கண் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. சுமார் 2001-இல் நாகர்கோவிலில் மணிக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆடவிடும் ஒரு கடை இருந்தது. அங்கே கிடைத்தது ‘ரெசிடென்ட் ஈவிலின்’ ஜப்பானிய வட்டு, ஒரு எழுத்தும் எங்களுக்குப் புரியாது. ஆட்டத்தைச் சேமிக்கும் மெமரி கார்டு தொலைந்துவிடுகிறது என்று கடைக்காரர் அதைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். விளையாட்டுக்குள் தட்டச்சுப் பொறி இருக்கும், அதில் மை நாடாவைப் பொருத்தினால்தான் சேமிக்க முடியும். நாங்கள் மை நாடாக்களைச் சேர்த்துக்கொண்டே போவோம், பொறியின் முன் நிற்போம், சேமிக்க இடம் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் மாளிகையின் முதல் கூடத்திலிருந்தே தொடங்குவோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அறைகளை வரைந்து, எந்தக் கதவுக்குப் பின் என்ன என்று தமிழில் எழுதி வைத்திருந்தோம். சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும் வளைந்த நடையில், ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில், காசும் தீரப்போகிற நேரத்தில் நின்றபோது எனக்கு ஏற்பட்ட நடுக்கத்தைப் பிற்காலத்தில் வீட்டில் வசதியாகச் சேமித்துச் சேமித்து ஆடியபோது நான் ஒருமுறைகூட அடையவில்லை. கடைக்காரரின் கட்டுப்பாடு எங்கள் விளையாட்டில் கூடுதலாக ஒரு விதியாகச் சேர்ந்திருந்தது.

ஆகவே ஒவ்வொரு விளையாட்டிலும் பயம் எந்த விதியின் மேல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள், அந்த ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘ஸ்வீட் ஹோமில்’ சேமிக்கும் வசதியை உருவாக்கியவர்களே கொடுத்திருக்கிறார்கள், அங்கே பயம் ஐந்து பேரின் பைகளில் இருக்கிறது, எனவே சேவ் ஸ்டேட்டால் பெரிய பாதகமில்லை. 1995-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த ‘கிளாக் டவரில்’ கத்தரிக்கோலோடு துரத்துகிறவனை எதிர்த்து நிற்கும் பலம் கதாநாயகி ஜெனிஃபருக்கு இல்லை, ஒளிய இடம் தேட வேண்டும் என்பதுதான் ஆதாரம். அங்கேயும் வேலைக்குப் போகிறவர்கள் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘டி’ வேறு. அதை உருவாக்கிய கெஞ்சி ஈனோ அதில் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்ட ஒரே பொருள் நேரம்தான். கதாநாயகி லாரா தன் தந்தையைத் தேடி அலையும் அந்த வீட்டில் நம்மைக் கொல்லத் துரத்தும் அரக்கர் கூட்டம் கிடையாது, புதிர்களும் அவ்வளவு கடினமில்லை, கடிகாரம் மட்டும் ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் சில அறைகள்தான் மிஞ்சும். தணிக்கைக்கு ஒரு வடிவத்தைக் காட்டிவிட்டு, வட்டு அச்சடிக்கும் இடத்துக்குத் தானே விமானத்தில் எடுத்துச் சென்று வேறொன்றைக் கொடுத்ததாக ஈனோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன் படைப்பில் ஒரு சொட்டும் குறையக் கூடாது என்று அவ்வளவு தூரம் போனவரின் இரண்டு மணி நேரத்தை நாம் துண்டு துண்டாக வெட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மழையில் நடந்து போன நண்பரின் பக்கமே நான் நிற்கிறேன். அவர் வீட்டுக்கு நீங்கள்தான் போய்ப் பேச வேண்டும்.

அதே நேரத்தில், கடினமாக இருப்பதெல்லாம் நல்ல விதி என்று அவரும் நினைத்துவிடக் கூடாது. 2001-இல் சேகாவின் டிரீம்காஸ்ட் கருவிக்கு வந்த ‘இல்பிளீட்’ எனக்கு மிகவும் பிடித்தமானது. திகில் பூங்கா ஒன்றுக்குள் பொறிகள் எங்கே இருக்கின்றன என்று பார்வை, செவி, மோப்பம், உள்ளுணர்வு ஆகிய நான்கின் துடிப்பையும் கவனித்து முன்கூட்டியே குறிக்க வேண்டும், திடுக்கிட்டுத் திடுக்கிட்டு இதயத் துடிப்பு எல்லை கடந்தால் மரணம். பயப்படுவதையே கணக்கில் வைத்து எண்ணும் அந்த யோசனை அபாரமானது. ஆனால் அதன் சண்டைக் காட்சிகள் கைக்கு வசப்படாமல் இழுக்கின்றன, அங்கே தோற்பது பயத்தைத் தராமல் எரிச்சலையே தருகிறது. அந்த இடங்களில் தாராளமாகச் சேவ் ஸ்டேட் போடுங்கள்.

கரண்ட் போவதை ஈனோ விதியாக எழுதவில்லை, அது நம் ஊர் மழையின் வேலை. எனவே யு.பி.எஸ். பேட்டரியை மாற்றிவிட்டு, அடுத்த சனிக்கிழமை முதலிலிருந்து தொடங்குங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மூவரும் பேசுவதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த அறையில் யார் எதனால் இறந்தார்கள், எந்த விதி அங்கே வேலை செய்தது, மற்ற இருவரும் அப்போது என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் தமிழிலேயே எழுதுங்கள். எங்கள் நாற்பது பக்க நோட்டு கடை மூடியபோது எங்கேயோ போய்விட்டது, இன்று அது கையில் இருந்தால் இந்தப் பதிலை இன்னும் நன்றாக எழுதியிருப்பேன்.

ஆடி மாதத்தில் தக்கலைக்கு வர வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. சனிக்கிழமையாகப் பார்த்து வருகிறேன். அதுவரை ‘ஸ்வீட் ஹோம்’ தொடங்காமல் வைத்திருங்கள். வாக்குவம் கிளீனர் வைத்திருக்கும் பெண்ணை இந்தமுறை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
நாகர்கோவில்