சிஆர்பி 1.2-லிருந்து 11 ஆகிவிட்டது, அப்பாவின் நுரையீரல் மோசமாகிறதா?

திருப்பூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். 66 வயது அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதத்துக்கு முன் 1.2, போன வாரம் வேறு லேபில் 11. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவர், "நுரையீரல் அழற்சி பத்து மடங்கு ஏறிவிட்டது, மாதாமாதம் பேக்கேஜ் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம். அப்பாவுக்கோ குளித்துவிட்டுச் சட்டை போடுவதற்குள் மூச்சு வாங்குகிறது. இந்த எண் குறைந்தால் அவருக்கு மூச்சு லேசாகுமா?

ஏறவே இல்லை, பயப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் எண்ணுக்குப் பக்கத்தில் பாருங்கள்: முதலாவது டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம், இரண்டாவது லிட்டருக்கு 11. பத்து டெசிலிட்டர் ஒரு லிட்டர், அதனால் லிட்டர் கணக்கில் பார்த்தால் அன்றைக்கு 12, இன்றைக்கு 11. இதைக்கூடப் பார்க்காமல் பேக்கேஜ் விற்கிறவர்கள் மீது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சிஆர்பி கல்லீரலில் சுரப்பது. ஈறு வீங்கினாலும், மூட்டுவாதம் இருந்தாலும், தொப்பை போட்டாலும் ஏறும். சிஓபிடிக்காரர்களுக்குச் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். ஆயிரம் பேரைச் சேர்த்து ஆராய்ச்சி செய்தால் அழற்சி கூடினவர்களின் அன்றாட வாழ்க்கை சற்று மோசமாக இருப்பது தெரியலாம், ஆனால் உங்கள் அப்பா ஒருவரின் மூச்சை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதைக் குறைப்பதற்கென்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடவே போடாதீர்கள்.

ஒரே ஒரு நேரத்தில் இந்த டெஸ்ட் உதவும். திடீரென்று இரண்டு மூன்று நாளாக இரைப்பு கூடி, சளி அதிகமாகி நிறமும் மாறினால், ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு அது கைகொடுக்கும். 2019-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், லிட்டருக்கு 20-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை, 40-க்கு மேல் என்றால் பலன் இருக்கலாம், நடுவில் என்றால் சளி சீழ் போல இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டினார்கள். அப்படிச் செய்ததில் ஆன்டிபயாடிக் வாங்கியவர்கள் 77 சதவீதத்திலிருந்து 57 ஆகக் குறைந்தார்கள், நோயாளிகளுக்கு அதனால் கெடுதல் வரவில்லை. திரும்பவும் சொல்கிறேன், அது நோய் திடீரென முற்றும் நாட்களுக்கு, மாதாமாதம் பார்ப்பதற்கு அல்ல.

அப்பாவின் நிலையை அறிய 'கேட்' (CAT) என்ற எட்டுக் கேள்வித் தாள் இருக்கிறது. இருமல், சளி, மாடி ஏறுவது, தூக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 40. பத்தோ அதற்கு மேலோ என்றால் தொந்தரவு அதிகம். அடுத்த முறை இரண்டு புள்ளி குறைந்தாலே முன்னேற்றம்தான். செலவே இல்லாத இந்தத் தாளை நிரப்பக்கூட நம் ஓபி வரிசையில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. மூச்சுப் பயிற்சி, நடைப் பயிற்சி சொல்லித்தரும் இடமோ பல ஊர்களில் தேடினாலும் கிடைக்காது.

அப்புறம், இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் டாக்டர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இழுக்க வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேக்கேஜ் பணத்தில் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போடுங்கள். இன்றைக்கே குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள். உட்கார்ந்தே குளிக்கட்டும், உட்கார்ந்தே சட்டை போடட்டும், மூக்கால் இழுத்து, சூடான காபியை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல ஊதட்டும்.