பெற்றவள் வந்து கேட்டால்?

கேள்வி: எங்கள் ஒரே மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். எனக்கு 43 வயது, கணவருக்கு 48. குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் ஒரு குழந்தையை அழைத்து வந்து வளர்க்க ஆசை. தத்து இல்லாமல் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று ஒன்று இருக்கிறதாமே? பாசம் வைத்த பிறகு பெற்ற தாய் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா? அதுதான் பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், கரூர்

பதில்: அன்புச் சகோதரி, பயத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்கலாம்.

ஆமாம், குழந்தைகள் நலக் குழு (குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கும் சட்டப்பூர்வ அமைப்பு) சொன்னால் கொடுத்துவிடத்தான் வேண்டும். தத்தெடுத்தால் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி இல்லை. நோயோ சிறையோ வறுமையோ, ஏதோ ஒன்றால் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள முடியாத காலத்தில் இன்னொரு குடும்பம் தாங்குவது அது. பெற்றோர் தேறிவிட்டார்கள் என்று அந்தக் குழு முடிவு செய்தால் குழந்தை வீடு திரும்பலாம். இடையில் பெற்றோர் வந்து பார்க்கவும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது. குழந்தைக்கு நல்லதல்ல என்று குழு கருதினால் மட்டுமே அது தடுக்கப்படும்.

இதைக் கேட்டதும் மனம் பின்வாங்கினால் தயங்காமல் தத்துக்கு விண்ணப்பியுங்கள். அதில் தப்பே இல்லை. ‘எப்படியாவது நம்மிடமே தங்கிவிடும்’ என்ற எண்ணத்தோடு மட்டும் இதில் இறங்க வேண்டாம். ஒருமுறை வீட்டை இழந்த குழந்தையை இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் நிறுத்திவிடுவோம். தாய் திரும்பி வராத குழந்தைகளும் உண்டு. 2024-இன் மத்திய அரசு நெறிமுறைப்படி, சட்டப்படி தத்துக்குத் தகுதியான குழந்தை உங்களோடு இரண்டு ஆண்டுகள் இருந்தபின் நீங்களே தத்துக் கேட்கலாம். முன்பு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நடைமுறை இதுதான். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துப் பதிவு செய்யுங்கள். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் பேசுவார். மருத்துவச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. அனுப்பும் ஆணையைக் குழந்தைகள் நலக் குழுதான் தரும். வருவது ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். பிறகும் வந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கென்று மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு.

அப்புறம், வந்த பிறகு. முதல் மாதங்களில் தலையணைக்கு அடியில் பிஸ்கட்டோ இட்லியோ ஒளித்து வைத்திருக்கலாம். திட்டாதீர்கள், எடுத்துச் சாப்பிடக் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டப்பா வையுங்கள். கொண்டுவந்த பழைய பை, சட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். ‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்லிக் கேட்காதீர்கள், அத்தை என்றோ பெரியம்மா என்றோ அதற்கு வருவதைச் சொல்லட்டும். பெற்றவளைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும், உறவினர் உட்பட, ஒரு கெட்ட வார்த்தை பேசக்கூடாது. அவள் பார்க்க வரும் நாளில் அவளுக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். குழந்தை கதவோரம் நின்று உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மகளிடம் பேசினீர்களா? கடிதத்தில் அவள் சம்மதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விடுமுறைக்கு வரும்போது அவள் அறையில் இன்னொருவர் இருக்கப்போகிறார். பாதுகாப்பு அலகுக்குப் போகும் முன் அவளுக்கு ஒரு போன் போடுங்கள்.