சைக்கிள் ஓட்டுபவர்கள் வழியில் போடும் குப்பை அவ்வளவு பெரிய விஷயமா?

கார்க்காரர்கள் போடுகிற குப்பைக்கு முன்னால் சைக்கிள்காரர் ஓட்டத்தில் தெம்புக்குக் குடித்துவிட்டுப் போடும் ஒரு ஜெல் உறை எம்மாத்திரம் என்று கேட்டிருக்கிறீர்கள். போடுகிறவரைக் கண்டால் என்ன சொல்வது என்பது உங்கள் அடுத்த கேள்வி.

நான் சிலாங்கூரின் பந்திங்கில் வளர்ந்தவன், வார இறுதியில் சைக்கிள் மிதிப்பவன். அளவைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். பெரிய சாலையோரத்தில் கிடக்கும் போத்தலும் டின்னும் சாப்பாட்டுப் பொட்டலமும் பெரும்பாலும் காரிலிருந்தும் லோரியிலிருந்தும் விழுந்தவை. ஆனால் சைக்கிள் குப்பை விழுகிற இடம் வேறு. என் கோபமெல்லாம் அதில்தான்.

சனி, ஞாயிறு காலையில் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் இந்தப் பக்கம் ஓட்ட வருகிறவர்கள் ஏராளம். ஜூக்ரா மலை ஏறுவார்கள், பாலம் தாண்டிக் கேரித் தீவுக்குள் போவார்கள். வாகனம் குறைவு, இருபுறமும் செம்பனை, ஓட்டுவதற்கு அருமையான இடம். ஆனால் தோட்டத்து உள்சாலைக்கு நகராண்மைக் கழகத்தின் குப்பை லோரி வராது, கூட்ட ஆளும் கிடையாது. விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஜெல் உறை பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தகட்டையும் ஒட்டிச் செய்தது, மக்கவே மக்காது.

தோட்டப் பக்கம் இன்னும் மாடு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. அப்படி மாடு வைத்திருக்கும் ஓர் அக்கா ஒருநாள் என்னைக் கைகாட்டி நிறுத்தி, கசங்கிய உறை ஒன்றை உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். "தம்பி, இது என்னா, மருந்தா? மாடு நக்கிக்கிட்டே நிக்குது. வாயிலருந்து புடுங்க வேண்டியதாப் போச்சு." உறையின் அடியில் கொஞ்சம் ஜெல் ஒட்டியிருந்தது, அதில் எறும்பு மொய்த்திருந்தது. ஜெல் என்பது சர்க்கரைப் பாகுதானே, மாடு எப்படி விடும்? பிளாஸ்டிக் உள்ளே போனால் செரிக்காது, சுலபத்தில் வெளியேயும் வராது. முதல் இரைப்பையில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அப்புறம் மாடு தீனி எடுக்காது, வயிறு உப்பும், சில சமயம் செத்தே போகும். பால் விற்றுப் பிழைக்கும் வீட்டில் ஒரு மாடு போனால் எவ்வளவு பெரிய அடி என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, பஞ்சரானால் காற்றடிக்கிற சின்ன கேஸ் குப்பி. விரல் நீளத்துக்கு இரும்பில் இருக்கும். டயரை நிரப்பிவிட்டுப் புல்லுக்குள் எறிந்துவிடுகிறார்கள். அந்தப் புல்லை வெட்ட மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தொழிலாளி வருவார். சுழலும் கத்தியில் அந்த இரும்பு பட்டால் எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு உறையைவிடப் பயம் இதில்தான். லோங்காங்கில், அதாவது சாலையோரச் சாக்கடையில், சிக்கும் போத்தல் மூடியிலும் கப்பிலும் நிற்கும் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும் என்பது ஊரறிந்த விஷயம்.

"பந்தய வீரர்களே வீசுகிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். 2021 ஏப்ரலில் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தயத்தில் குப்பை வீசுவது பற்றிய விதியைக் கடுமையாக்கியது. குப்பை போடக் குறித்துவைத்த பகுதியைத் தவிர வேறெங்கும் வீசினால் தண்டனை. அந்த வாரமே டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில், ரசிகர்கள் பக்கம் போத்தலை எறிந்ததற்காகச் சுவிஸ் வீரர் மிக்கேல் ஷேர் பந்தயத்திலிருந்தே விலக்கப்பட்டார். பிறகு தண்டனையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் விதி அப்படியே இருக்கிறது. நம் நாட்டிலும் 2026 ஜனவரி 1 முதல், பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூகச் சேவையும் செய்ய வைக்கலாம். கார் ஓட்டினாலும் சைக்கிள் மிதித்தாலும் சட்டம் ஒன்றுதான்.

நிறைந்த ஜெல்லை வீட்டிலிருந்து சுமந்து வந்தவருக்கு வெறும் உறையைத் திருப்பிக் கொண்டுபோக என்ன கஷ்டம்? பிசுபிசுக்கிறது என்பதுதான் உண்மையான காரணம். அதற்கு வழி இருக்கிறது. உறையின் தலையை முழுசாகக் கிழிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அதிகம் தொலைவது அந்தக் குட்டித் துண்டுதான். குடித்து முடித்ததும் மடித்து, ஜெர்சியின் ஒரு பாக்கெட்டைக் குப்பைக்கென்றே ஒதுக்கி, அதில் ஒரு ஜிப் பை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குழுவாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் கிளம்பும் முன் இதை ஒரு வார்த்தை சொன்னாலே பாதி குறையும். சைக்கிள் நிகழ்ச்சி நடத்துகிறவர்களும், அம்புக்குறி அட்டையை மட்டும் எடுத்துப் போகாமல் அதைக் கம்பத்தில் கட்டிய பிளாஸ்டிக் பட்டையையும் வெட்டி எடுக்க வேண்டும்.

போடுகிறவரைப் பார்த்தால் சத்தம் போடாதீர்கள். ஓடுகிற சைக்கிளில் சண்டை பிடித்தால் இருவரும் விழுவீர்கள். நின்று பொறுக்கிக்கொள்ளுங்கள். ஓட்டம் முடிந்து எல்லாரும் தே தாரேக் குடிக்க நிற்கும் கடையில் அவர் கையிலேயே கொடுத்து, "அண்ணே, உங்களோடது விழுந்துருச்சு, உள்ள மாடு மேயுது" என்று சொல்லுங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன். இதுவரை யாரும் வாங்க மறுத்ததில்லை.