அறுத்த கட்டி எங்கே? புற்றுநோய் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நான் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து திசுவைப் பார்க்கிறவன், மருந்து எழுதிக் கொடுப்பவன் அல்ல. அந்த எல்லைக்குள் நின்றே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கட்டி என்றாலே புற்றுநோய்தானா?

இல்லை. கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள். அவை இருந்த இடத்திலேயே வளரும். அக்கம்பக்கத்துத் திசுவை அரித்துக்கொண்டு போகாது, வேறு உறுப்புக்குத் தாவாது. ஆனாலும் மண்டையோட்டுக்குள் வளரும் சாதாரணக் கட்டி மூளையை அழுத்தி உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தப் புற்றுநோயிலோ கட்டியே இல்லாமல் இருக்கலாம். வலி இல்லை என்பதை வைத்து எதையும் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப நிலைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கேள்வி: அப்பாவின் அறிக்கையில் 'கிரேடு 3' என்று இருக்கிறது. மூன்றாம் கட்டம் என்கிறார்கள். இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்?

நீங்கள் அனுப்பியது ஓரம் வெட்டுப்பட்ட ஒரே ஒரு பக்கத்தின் படம். எந்த உறுப்பிலிருந்து எடுத்த திசு என்பதுகூட அதில் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் ஆயுளைக் கேட்கிறீர்கள்! அறிக்கையை எப்போதும் முழுதாக அனுப்புங்கள்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. செல்கள் தம் இயல்பான உருவத்திலிருந்து எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பது கிரேடு. அதை நான் ஸ்லைடில், அதாவது திசுவைப் பதித்த கண்ணாடித் தகட்டில் பார்த்துச் சொல்வேன். நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ், அதாவது கட்டம். கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகள், மற்ற உறுப்புகள் மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். கிரேடு 3 கட்டி முதல் கட்டத்திலேயே பிடிபடுவதும் உண்டு. வீட்டில் யாரும் அதற்குள் மூன்றாம் கட்டம் என்று அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: ஊசி போட்டுத் திசு எடுத்தால் புற்றுநோய் கிளம்பிப் பரவிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தால் சோதனையைத் தள்ளிப்போட்டு, ஆறு மாதம் கழித்து வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்போது பரவியிருப்பதற்குக் காரணம் அந்த ஆறு மாதம், ஊசி அல்ல. ஊசி போன வழியில் செல்கள் தங்கி வளர்வது மிக அரிது. அந்த அபாயம் உள்ள இடங்கள் மருத்துவர்களுக்குத் தெரியும். விதைப்பையில் கட்டி என்று பலத்த சந்தேகம் இருந்தால் அங்கே ஊசி குத்துவதில்லை. அடிவயிற்றின் ஓரமாகத் திறந்து விதையை முழுதாக எடுத்துத்தான் சோதிப்பார்கள். தசை, எலும்புக் கட்டிகளில், பின்னால் அறுவை செய்யும்போது ஊசி போன தடத்தையும் சேர்த்து எடுக்கும்படி இடம் பார்த்துக் குத்துவார்கள். திசுவைப் பார்க்காமல் கீமோ தொடங்க யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அதற்கும் காரணங்கள் இருக்கலாம், ஆனால் அவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

கேள்வி: முதுகில் இருந்த கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். சோதனைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதத்தில் அதே இடத்தில் முன்னைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் செய்ய வேண்டியது: மறுபடியும் அதே போல வெட்டி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து, அதன் பிறகு பருமனான ஊசியால் திசு எடுத்துச் சோதித்து, தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோயில் பழக்கமுள்ள மருத்துவர் குழுவிடம் போங்கள். பழைய அறுவைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். இது சாதாரணக் கட்டியின் மிச்சமாகவே இருக்கலாம். ஆனால் 5 செ.மீ.க்கு மேல் இருப்பது, ஆழத்தில் இருப்பது, வளர்ந்துகொண்டே இருப்பது, எடுத்த பின் திரும்ப வருவது, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் சார்கோமா எனும் அந்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தியாக வேண்டும்.

இனி என் மனத்தாங்கல். அறுத்து எடுத்த கட்டியை ஏன் எறிகிறார்கள்? கண்ணால் பார்த்தாலே தெரிகிறது என்பார்கள். முப்பது ஆண்டுகளாகக் கட்டிகளை வெட்டிப் பார்க்கிற எனக்கே வெறும் கண்ணால் பார்த்து உறுதி சொல்லத் துணிவில்லை. மஞ்சளாக, வழவழப்பாக, கொழுப்புக் கட்டி போலவே இருந்ததை மெழுகில் பதித்து, 4 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தால், இளஞ்சிவப்புப் பரப்பின் நடுவே கருநீலமாக, கோணல்மாணலாக நான்கைந்து செல் உட்கருக்கள் தெரியும். அந்த நான்கைந்துதான் நோயாளிக்கு அடுத்து என்ன சிகிச்சை என்பதையே மாற்றிவிடும். அவை குப்பைத் தொட்டியில் கிடந்தால் யார் பார்ப்பது?

எறிவதற்கு அடுத்த கொடுமை, கெடுத்து அனுப்புவது. ஒருமுறை ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த கட்டியை ஒரு குறுகிய வாய்ப் புட்டியில் சலைன் என்ற உப்புநீரை ஊற்றி அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய வாடை. கட்டி வாய்க்குள் சிக்கி வெளியே வரவில்லை, புட்டியை உடைத்துத்தான் எடுத்தேன். ஸ்லைடில் செல்கள் கரைந்து, ஈரத்தில் ஊறிய காகித எழுத்துப் போலக் கலங்கிக் கிடந்தன. புற்றுநோய் என்பது மட்டும் தெரிந்தது. புற்றுநோய் செல்களில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா என்ற சோதனை நம்பும்படி வரவில்லை. இருந்தும் இல்லை என்று வந்துவிட்டால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவரைக் காக்க வேண்டிய மாத்திரை அவருக்குக் கிடைக்காமலே போய்விடும். அந்தப் பெண்ணுக்கு மறுபடி திசு எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

எனவே அறுவைக்கு முன்பே கேளுங்கள்: எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவீர்களா? எதில் போட்டு அனுப்புவீர்கள்? வேண்டியது அகன்ற வாய்ப் புட்டி, திசு அழுகாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின், கட்டியைப் போலப் பத்து மடங்கு அளவு. மார்புக் கட்டி என்றால் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதில் போட வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளே இறங்கும், அதனால் பெரிய கட்டியைக் கீறிவிட வேண்டும். எடுத்துப்போகும் வேலை உங்கள் தலையில் விழுந்தால் நேராக ஆய்வகத்துக்குப் போங்கள், வீட்டுக்குப் போய்விட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். தண்ணீர் கூடாது, சலைன் கூடாது.

கேள்வி: ரத்தத்தில் சிஏ-125 சற்று அதிகம். சினைப்பைப் புற்றுநோயா?

சிஏ-125 என்பது ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம். அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலத் திசு வெளியே வளர்வது), வயிற்றுக் காசநோய் எல்லாவற்றிலும் அது ஏறும். ஆரம்பநிலைச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை. ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். நோய்க்குறி ஏதும் இல்லாதவர்கள் இந்தச் சோதனையை எடுத்துக்கொண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

கேள்வி: பெட் ஸ்கேனில் நெஞ்சில் ஒளிர்கிறது. பரவிவிட்டதா?

பெட் ஸ்கேனுக்கு முன் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்துவார்கள். அந்தச் சர்க்கரையை வேகமாக இழுக்கும் இடமெல்லாம் ஒளிரும். மூளையும் இதயமும்கூட ஒளிரும், காசநோய் நன்றாகவே ஒளிரும். சந்தேகம் இருந்தால் அங்கிருந்தும் திசு எடுக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பில் இருந்தது இப்போது கல்லீரலில் தெரிகிறது. கல்லீரல் புற்றுநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். அது கல்லீரலில் குடியேறிய மார்புப் புற்றுநோய், சிகிச்சையும் மார்புப் புற்றுநோய்க்கானதுதான். முடிந்தால் கல்லீரலிலிருந்து திசு எடுத்து ஏற்பிகளை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். இடம் மாறும்போது அவை மாறுவதுண்டு.

கேள்வி: நான்காம் கட்டம் என்றால் முடிந்ததுதானே?

அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்லவே கூடாது. விதைப்பைப் புற்றுநோய் பரவிய பின்னும் பத்தில் ஏழெட்டுப் பேர் முழுமையாகக் குணமாகிறார்கள், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வந்த பிறகு. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு 2001-இல் இமாடினிப் மாத்திரை வந்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய் அது. இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல்லாண்டு வாழ்கிறார்கள். கணையப் புற்றுநோயைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. எந்த உறுப்பு, எந்த வகை என்பது தெரியாமல் கட்டத்தின் எண் மட்டும் எதையும் சொல்லாது.

கேள்வி: கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சல் 101 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்கள் இவை. 100.4 டிகிரியைத் தொட்டாலே, நடு இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உங்கள் கடிதத்துக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்: காய்ச்சலுக்குக் கடிதம் எழுதாதீர்கள், கிளம்புங்கள்.

கேள்வி: வேறொரு மருத்துவரின் கருத்துக் கேட்கப் போகிறோம். என்ன எடுத்துப்போக வேண்டும்?

முழு அறிக்கை, ஸ்லைடுகள், பாரஃபின் பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டை). பிளாக் முக்கியம். அதற்குள்தான் உங்கள் திசு இருக்கிறது, பல ஆண்டுகள் கழித்தும் அதில் புதிய சோதனைகள் செய்யலாம். அது மெழுகு என்பதை மறந்து, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.