தம்பியின் நடையை அளந்த பெண்ணும் பெரிய மாமாவின் வாதமும்

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு தாயும் தகப்பனும் மகளை அழைத்துக்கொண்டு, அவள் படிப்பைப் பற்றி யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். பெண் பள்ளிப்படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை எழுதுவதா, வீட்டை விற்றுப் பணம் கட்டி எங்கேயாவது சேர்ப்பதா என்பதுதான் அவர்கள் கேள்வி. இதற்கெல்லாம் மூலம் அவளுடைய தம்பி. பத்து வயது, பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் தசைகள் சரியாகக் கட்டுப்படாத நிலை), நுனிக்காலில் நடக்கிறான். "இவனைப் போன்ற பிள்ளைகளுக்கான அறுவை சிகிச்சையில் ஆராய்ச்சி செய்ய வேண்டும்" என்று அவள் எப்போதோ சொன்னதைப் பெரிய மாமா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஆகாமல் அறுவை சிகிச்சையில் என்ன ஆராய்ச்சி என்பது அவர் வாதம். வீட்டில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை.

அந்தத் தாய்க்கு நான் பிறகு எழுதிய பதில் இது. இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால் இங்கே தருகிறேன்.

அம்மா, அன்று "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கவலைப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கோ கிடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மருத்துவப் பட்டம், எலும்பு அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு, பிறகு குழந்தைகளுக்கான எலும்பு சிகிச்சையில் தனிப் பயிற்சி என்று கூட்டினால் பத்து வருடத்துக்குக் குறையாது. நடுவில் மேற்படிப்புக்கு இன்னொரு போட்டித் தேர்வு. அதில் எலும்பு சிகிச்சைப் பிரிவே கிடைக்கும் என்று உங்கள் அண்ணனால் எழுதிக் கொடுக்க முடியுமா? முடியாவிட்டால், தம்பியின் காலுக்காகக் கிளம்பியவள் தனக்கு ஈடுபாடே இல்லாத ஏதோ ஒரு துறையில் போய் உட்கார்ந்திருப்பாள், விற்ற வீட்டின் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டு.

மருத்துவப் படிப்பைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் உறவில் ஆள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்தாள். "அது சும்மா, பொழுதுபோகாமல் கிறுக்கியது" என்றார் உங்கள் கணவர். வாங்கிப் பார்த்தேன். தம்பி நடப்பதைப் பக்கவாட்டில் நின்று செல்பேசியில் படம் பிடித்திருக்கிறாள். ஒரு காலடியைப் பத்து இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுக்கும் பென்சில் கோடு போட்டு, கோணமானியால் அளந்து எழுதியிருக்கிறாள். நான்காவது படத்தின் கீழே ஒரு வரி: "குதிகால் மேலே நிற்கிறது. ஆனால் கணுக்கால் 90. மடங்கியிருப்பது முழங்கால்."

அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பிள்ளை நுனிக்காலில் நடந்தால், குதிகால் தசைநாண் இறுகிவிட்டது, அதை நீட்டிவிட்டால் சரியாகும் என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் முழங்கால் மடங்கியே இருந்தால், கணுக்கால் சரியான கோணத்தில் இருந்தாலும் குதிகால் தரையைத் தொடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாணை நீட்டினால் கெண்டைக்கால் தசை பலம் இழக்கும், கீழ்க்கால் முன்னால் சரியும், முழங்கால் இன்னும் மடங்கும். உட்காரப்போவது போன்ற நடை வந்துவிடும். அதைத் திருத்துவது முதல் கோளாற்றைவிடக் கடினம். உங்கள் மகனுக்கு எது என்பதை அவனுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் வைத்தியன் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவதை நம்பாமல் கோணமானியை எடுத்தாளே, அதுதான் இந்தத் துறையின் முதல் பாடம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு வந்திருக்கிறது.

கனடாவில் மெர்சர் ராங் என்ற எலும்பு அறுவை நிபுணர் இருந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு வருடம் ஒரு அறுவை சிகிச்சை செய்து, ஒவ்வொரு பிறந்தநாளையும் ஆஸ்பத்திரியில் கழிக்க வைத்த பழக்கத்துக்கு அவர் "பிறந்தநாள் நோய்க்குறி" என்று பெயர் வைத்தார். இப்போது அந்த வழக்கம் மாறி, இடுப்பு, முழங்கால், பாதம் என்று பல இடங்களில் செய்ய வேண்டியதை ஒரே முறையில் செய்துமுடிக்கிறார்கள். ஒரே முறையில் செய்ய வேண்டுமென்றால் எங்கே கை வைப்பது, எங்கே வைக்கக்கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் இடத்துக்கு நடை ஆய்வகம் என்று பெயர். உங்கள் மகளுக்கான இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நீளமான ஓர் அறை, சுவரைச் சுற்றி அகச்சிவப்புக் கேமராக்கள். பிள்ளையின் இடுப்பெலும்பு, தொடை, முழங்கால், கணுக்கால், பாதம் எல்லாவற்றிலும் கோலிக்குண்டு அளவில் ஒளியைத் திருப்பிவிடும் உருண்டைகளை ஒட்டுவார்கள். பிள்ளை நடந்தால், ஒவ்வொரு உருண்டையும் நொடிக்கு நூறு முறை போல இருக்கும் இடம் பதிவாகும். தசை எப்போது வேலை செய்கிறது, எப்போது சும்மா இருக்கிறது என்பதைத் தோலின் மேல் ஒட்டிய மின்முனைகள் சொல்லும். மிதிக்கும் விசையை அளக்கும் விசைத் தட்டுகள் தரையோடு தரையாகப் பதித்திருக்கும். ஒரு தட்டில் ஒரு பாதம்தான் விழ வேண்டும், ஆனால் அதைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. சொன்னால் குறிபார்த்து மிதிப்பான், நடை மாறிவிடும். ஆகவே களைப்படையும் குழந்தையோடு விளையாடி, கெஞ்சி, திரும்பத் திரும்ப நடக்க வைக்க வேண்டும்.

பிறகு கணக்கு. தரை பாதத்தைத் திருப்பித் தள்ளும் விசை முழங்காலுக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா? பின்னால் போனால் முழங்கால் மடங்கப் பார்க்கும், தொடைத் தசை ஓயாமல் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தொடை எலும்பு உள்பக்கம் முறுகியிருந்தால், தசையில் பலம் இருந்தும் நெம்புகோல் திசை மாறி அந்தப் பலம் வீணாகும். உங்கள் மகளுக்கு உயிரியலில் குறைந்து இயற்பியலில் கூடிய மதிப்பெண்ணைப் பார்த்து வருத்தப்பட்டீர்களே, இது முழுக்க இயற்பியல். முழங்கால் உருண்டையைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினால் தொடை திரும்பும் கோணம் வரைபடத்தில் தவறாக வரும். அந்தக் கோணத்தைப் பார்த்துத்தான் எலும்பை வெட்டித் திருப்பி வைப்பதா என்று முடிவு செய்கிறார்கள். கடைசியில் அறுவை நிபுணர், பிசியோதெரபிஸ்ட், பொறியாளர், காலைத் தாங்கிப் பிடிக்கும் காலணைக் கருவி செய்பவர் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்த வரைபடங்களை வைத்து வாதாடுவார்கள்.

உங்கள் அண்ணனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகளின் இயக்கத் திறனை ஐந்து படிகளாகப் பிரிக்கும் வகைப்பாடு 1997-இல் வெளியானது. இன்று இத்துறையின் அறுவை சிகிச்சைக் கட்டுரைகள், பிள்ளைகள் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் தொடங்குகின்றன. அதன் முதல் ஆசிரியர் ராபர்ட் பலிசானோ ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒரு பிள்ளையின் நடை இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் குறியீடு 2008-இல் வந்தது. 100-ம் அதற்கு மேலும் இயல்பான நடை. குறையும் ஒவ்வொரு 10-ம் ஒரு திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு. அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள கில்லெட் குழந்தைகள் மருத்துவமனையின் நடை ஆய்வகத்தில், கணக்குப் போடும் ஆட்கள் உருவாக்கியது அது. நடை ஆய்வின் தாய் போன்ற ஜாக்குலின் பெர்ரி எலும்பு அறுவை நிபுணர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் முதலில் அமெரிக்க ராணுவத்தில் பிசியோதெரபிஸ்ட். மருத்துவம் படித்தது அதற்குப் பிறகு. உங்கள் மகளுக்கும் அப்படி ஒருநாள் தோன்றினால் தோன்றட்டும். கதவு ஒன்றும் அடைபடாது.

இன்னொன்று. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுவது பெரிய தொல்லை. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இந்தப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரு பதிவேட்டில் சேர்த்து, குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்து, தொடை எலும்பின் தலை எத்தனை சதவீதம் குழிக்கு வெளியே வந்திருக்கிறது என்று அளந்து, நேரத்தில் சிகிச்சை செய்தார்கள். அதற்கு முன்பு 9 சதவீதப் பிள்ளைகளுக்கு மூட்டு முழுதாக நழுவியது. இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அது 0.4 சதவீதம். கத்தி அதே கத்திதான். அளப்பதும் எழுதி வைப்பதும் சரியாக நடந்தன.

இனிப் படிப்பு. இயற்பியல் மேல் உள்ள ஈடுபாட்டை வைத்துச் சொன்னால் உயிர்மருத்துவப் பொறியியல், இல்லாவிட்டால் இயந்திரப் பொறியியல். பிறகு உயிர் இயக்கவியலில், அதாவது உடல் அசைவின் இயற்பியலில், முதுகலை. குழந்தைகளைத் தொட்டுப் பழகும் வேலைதான் வேண்டும் என்றால் பிசியோதெரபி. உயிர்மருத்துவப் பொறியியல் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி இயந்திரங்களைப் பழுது பார்ப்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளும் உண்டு. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்: இயக்கவியல், சமிக்ஞைப் பகுப்பாய்வு, புள்ளியியல், நிரலாக்கம் நான்கும் இருக்க வேண்டும். கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

குறைகளையும் மறைக்கவில்லை. நடை ஆய்வகங்கள் எண்ணிக்கையில் குறைவு. வேலைக்காக ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருக்கும். அறுவை நிபுணரின் வருமானம் வராது. சொந்தக்காரர்களிடம் என்ன வேலை என்று விளக்குவதற்குள் விருந்தே முடிந்துவிடும். (ஆய்வுப் பட்டம் வாங்கிவிட்டால் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும். அண்ணனுக்கு அது போதுமென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.)

வீட்டை விற்பதைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விற்காதீர்கள். மகன் வளர வளரக் காலணைக் கருவியை மாற்ற வேண்டும், பயிற்சி தொடர வேண்டும், ஒருநாள் அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சியும் வரலாம். அந்த வீடு அவனுக்கும் பாத்தியப்பட்டது. மகளின் முதல் பட்டத்துக்கு உங்கள் வருமானத்துக்குள் அடங்கும் கல்லூரியைப் பாருங்கள். ஆய்வுப் பட்டம் என்று வரும்போது உதவித்தொகை தரும் இடத்துக்கு மட்டும் அவள் விண்ணப்பிக்கட்டும்.

"தம்பிக்காகவாவது படி" என்று அன்று நீங்கள் என் முன்னாலேயே இரண்டு முறை சொன்னீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வாக்கியத்தை இனி வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. தம்பியைக் கவனிப்பது உங்கள் பொறுப்பு, பிறகு மருத்துவர்களின் பொறுப்பு. பத்தொன்பது, இருபது வயதுப் பெண்ணின் படிப்பை அதற்கு ஈடு வைக்காதீர்கள். இந்தத் துறையே வேண்டாம், கணிதம் படிக்கிறேன் என்று நாளை அவள் சொன்னாலும் சரிதான்.

அது உண்மையான ஈடுபாடா, பாசத்தில் வந்ததா என்று பார்க்க அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அந்த நான்காவது படத்தை, முன்பு போட்ட கோட்டைப் பார்க்காமல், பத்து நாள், நாளுக்கு ஒருமுறை புதிதாக வரைந்து முழங்கால் கோணத்தை அளக்க வேண்டும். பத்து எண்களும் ஒன்றாக இருக்காது. ஏன் இல்லை, எத்தனை பாகை வரை விலகலாம், எதைச் சரிசெய்தால் விலகல் குறையும் என்று அரைப் பக்கம் எழுத வேண்டும். ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருளின் பெயரையும் நோட்டின் பின்அட்டையில் எழுதிக் கொடுத்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, எலும்பும் தசையும் கொண்ட மாதிரி உடலை அதில் நடக்க வைத்துப் பார்க்கலாம்.

நேற்று ஏழாவது நாள். ஆறு எண்களை அனுப்பியிருக்கிறாள், கூடவே ஒரு கேள்வி: கேமரா நேர் பக்கவாட்டில் இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து நின்றிருந்தால் எல்லா எண்களுமே ஒரே பக்கமாகத் தவறியிருக்குமா? ஒரு மருத்துவமனை நடை ஆய்வகத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டு அவளே கடிதம் எழுதட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அம்மா.