விலை தப்பு, ஆர்டர் ரத்து: வக்கீலிடம் கேள்வி பதில்

போன வாரம் ஒரு விற்பனைத் தளத்தில் 3,490 ரூபாய் மிக்ஸி ஒரு பூஜ்யத்தைத் தொலைத்துவிட்டு 349-க்கு வந்தது. விடிவதற்குள் பலர் வாங்கினார்கள், மத்தியானம் எல்லாருக்கும் ரத்து மெயில். நுகர்வோர் வழக்குகள் நடத்துகிற வக்கீல் என்பதால் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். பதில்கள் இங்கே.

பவானிக்காரர்: பணம் கட்டிவிட்டேன், ஆர்டர் நம்பரும் வந்தது. ஒப்பந்தம் முடிந்த மாதிரிதானே? மிக்ஸியைத் தந்துதானே ஆக வேண்டும்?

உங்களுக்கு வந்த முதல் மெயிலைத் திறந்து பாருங்கள். ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்கிறதா, ‘உறுதி செய்யப்பட்டது’ என்கிறதா? வழக்கின் பாதி அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கடையில் விலைச்சீட்டு தொங்குவதைச் சட்டம் விற்பனையாக எடுத்துக்கொள்வதில்லை, ‘வாங்க, கேளுங்க’ என்ற அழைப்பாகத்தான் பார்க்கிறது. கேட்பது நீங்கள், சம்மதிப்பது கடைக்காரர். பல தளங்கள் ‘பொருளை அனுப்பிய பிறகுதான் எங்கள் சம்மதம்’ என்று நிபந்தனையில் எழுதி வைத்திருக்கின்றன. பணத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டு சம்மதத்தை மட்டும் தள்ளிப்போடுவது நியாயமா என்று தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தலைப்பில் போவதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

சம்மதம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு உங்கள் பக்கம். ஒரு தரப்பு மட்டும் தப்பாக நினைத்துவிட்டது என்ற வெறும் காரணத்தால் ஒப்பந்தம் அடிபடாது.

இதற்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. 2014-இல் ஒடிசாவில் ஒரு சட்ட மாணவர் அமேசானில் 23,499 ரூபாய் லேப்டாப்பை 190 ரூபாய்க்கு ஆர்டர் போட்டார். உறுதியும் வந்தது, கொஞ்ச நேரத்தில் ரத்தும் வந்தது. அவர் விடவில்லை. 2021-இல் மாநில ஆணையம் இழப்பீடு, அபராதம், செலவு எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் தரச் சொன்னது. கவனியுங்கள், கையில் வர இருந்தது பணம், 190 ரூபாய் லேப்டாப் அல்ல. அதற்கும் ஆறு வருஷம்.

ஆகவே மிக்ஸியை மறந்துவிடுங்கள். அலைச்சலுக்கு ஒரு தொகை கேட்பதென்றால் உங்களுக்கு வழி இருக்கிறது.

தென்காசி வாசகி: பணம் எப்படித் திரும்பும்? கஸ்டமர் கேரை எப்படிப் பிடிப்பது?

எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்கே திரும்பும். கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று மட்டும் தேடாதீர்கள். அங்கே காத்திருப்பவன் ‘ரீஃபண்ட் தர்றேன் மேடம், ஓடிபி சொல்லுங்க’ என்பான். 349 ரூபாயைத் தேடிப் போய் 40,000 விட்ட ஒருவர் போன மாதம் என் எதிரில் உட்கார்ந்து அழுதார். ஆப்புக்குள் இருக்கிற உதவிப் பக்கம் போதும்.

ஓசூர்: பணத்துக்குப் பதில் அவர்கள் வாலட்டில் போடுகிறேன் என்கிறார்கள்.

வேண்டாம், வங்கிக் கணக்குக்கே வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா?

நாகர்கோவில்: எங்கே புகார் செய்வது?

முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரி. 2020 மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நான் பார்த்தவரை சின்னத் தொகைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் ஊர் மாவட்ட ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை (என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன்). இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கரூர்: பணம் கட்டிவிட்டேன், ஒப்பந்தம் முடிந்த மாதிரிதானே?

பவானிக்காரருக்குச் சொன்னதுதான்.

ஆவடி: எம்ஆர்பி 3,995 என்று போட்டுவிட்டு 349-க்கு விற்றது சட்டவிரோதம் இல்லையா?

இல்லை. எம்ஆர்பிக்கு மேலே விற்றால்தான் தப்பு.

பெயர் வேண்டாம் என்றவர்: நான் 12 மிக்ஸி போட்டேன். பன்னிரண்டுக்கும் இழப்பீடு கிடைக்குமா?

வீட்டில் எத்தனை அடுப்படி? திருப்பி விற்க வாங்குபவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே அல்ல.

சிங்கப்பூர்க் கதை ஒன்று கேளுங்கள். 2003 ஜனவரி 13. பயிற்சியின்போது ஓர் ஊழியர் தெரியாமல் ஏற்றிவிட்ட விலையால் 3,854 வெள்ளி ஹெச்பி லேசர் பிரிண்டர் 66 வெள்ளிக்கு வந்துவிட்டது. நடுராத்திரியில் நண்பர்கள் ஒருவரை ஒருவர் எழுப்பி ஆர்டர் போட்டார்கள். ஆறு பேர், 1,606 பிரிண்டர்! உறுதி மெயிலும் வந்தது. ஆனாலும் 2004-இல் தோற்றார்கள், 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். தப்பு என்று தெரிந்தே பாய்ந்தீர்கள் என்றது நீதிமன்றம். அந்த ஊர்த் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் பன்னிரண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

சென்னிமலை: நான் ஆன்லைனில் பெட்ஷீட் விற்கிறவன். 650-க்குப் பதில் 65 என்று அடித்துவிட்டேன், காலையில் 40 ஆர்டர். அனுப்பினால் என் தறிக்காரருக்குக் கூலி யார் தருவது? தெரிந்தே வாங்குகிறவர்களுக்கு உரிமை பாடம் எடுக்கிறீர்களே!

பவானிக்காரர்: நாங்கள் தப்பாக நான்கு பெட்ஷீட் போட்டால் ரத்துக்குப் பிடித்தம் செய்கிறீர்களே, அண்ணா?

இரண்டு பேரும் சொல்வது சரி. அண்ணா, 90 சதவீதத் தள்ளுபடியை வருஷத்துக்கு நான்கு முறை பேனர் கட்டி விளம்பரம் செய்கிற தளங்களில் 65 ரூபாய் பெட்ஷீட்டை ஒருவர் நம்பியதில் என்ன அதிசயம்? பண்டிகைக்குப் பண்டிகை இதே ‘தப்பு’ நடந்தால் அது தூண்டில். 2022 விளம்பர வழிகாட்டு நெறிகளில் தூண்டில் விளம்பரத்துக்குத் தனி விதியே உண்டு. உங்களுடையது அப்படி இல்லை. அதனால் தாமதிக்காமல் அன்றைக்கே காரணம் சொல்லி ரத்து செய்யுங்கள், பணத்தை முழுதாகத் திருப்புங்கள். மூன்று நாள் ஆறப்போட்டு ‘ஸ்டாக் இல்லை’ என்று பொய் சொன்னால்தான் என் போன்றவர்களுக்கு வேலை வரும்.

பவானிக்காரரே, ரத்துப் பிடித்தம் பற்றி: ஒரு தளம் தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரித் தொகையை அது ஏற்காது என்றால், உங்களிடமும் பிடிக்கக் கூடாது. அதே 2020 விதிகளில் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, அதனால் பிடிக்கிறார்கள்.

சென்னிமலை: சரிங்க. ஆனால் பன்னிரண்டு மிக்ஸிக்காரரை இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

அவர் பெயரே வேண்டாம் என்றிருக்கிறார், அது போதும்.

திண்டிவனம், விருதுநகர், இன்னும் மூவர்: பணம் கட்டியாச்சு, ஒப்பந்தம்…

பவானி. பவானி. பவானி. முதல் மெயில், அதிலுள்ள சொல், ஸ்கிரீன்ஷாட்.

ஆம்பூர்: அதே மிக்ஸி இப்போது மறுபடியும் 349 என்று காட்டுகிறது. போடலாமா?

போடுங்கள். ஒன்றே ஒன்று. விலையும் நேரமும் தெரிகிற மாதிரி முதலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய மிக்ஸியைக் காயலான் கடைக்கு மட்டும் இப்போதே போட்டுவிடாதீர்கள்.