லோவெல் ரீவின் சங்குகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டன் பதிப்பாளர்களைப் பற்றிய கட்டுரையில் லோவெல் ரீவை அறிஞர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சங்கு விற்றவர். அவருடைய நூல்களையும் அந்த வணிகத்தின் ஒரு பகுதியாகத்தானே பார்க்க வேண்டும்?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

ரீவ் (1814–1865) சங்கு விற்றது உண்மை. மளிகைக் கடையில் தொழில் பழகியவர் அவர். இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்காஸ் தீவுகளில் டச்சு ஆளுநராக இருந்த ஒருவரின் சங்குத் தொகுப்பை ராட்டர்டாமில் ஏலத்தில் எடுத்து, அதை விற்ற லாபத்தில்தான் லண்டனில் கடை வைத்தார். ஆனால் அந்தக் கடையிலிருந்து என்ன வெளிவந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1843இல் கூம்புச் சங்குகளுடன் தொடங்கிய அவருடைய 'காங்கொலோஜியா ஐகானிகா' என்ற சங்குப் படநூல், அவர் மறைந்த பிறகு, படங்களை வரைந்துவந்த சவர்பியே உரையையும் எழுத, 1878இல் 20 தொகுதிகளாக நிறைவுற்றது. கல்லச்சில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டிய ஏறத்தாழ 27,000 உருவங்கள் அதில் உள்ளன. குறைகளும் உண்டு. உள்ளே வாழ்ந்த உயிரியைப் பாராமல் சங்கின் மேலோட்டை மட்டுமே வைத்து விவரித்தார். சிறு நிற வேறுபாட்டுக்கும் புதுப்பெயர் சூட்டினார். அவற்றில் பல பின்னர் வேறு சிற்றினங்களோடு சேர்க்கப்பட்டன.

ஆயினும் அவரை அறிஞர் என்றே சொல்வேன். அவர் வெளியிட்ட உருவம் பொதுவான ஒரு சங்கின் படம் அல்ல, குறிப்பிட்ட ஒரு மாதிரியின் படம். அது யாருடைய தொகுப்பில் இருந்தது என்பதையும் அவர் எழுதிவைத்தார். பெரும்பான்மை மாதிரிகள் ஹியூ கியூமிங் என்ற சங்கு சேகரிப்பாளரின் தொகுப்பைச் சேர்ந்தவை. 1866இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை வாங்கியது. அதனால் பிற்கால ஆய்வாளர், ரீவின் படத்தை அருகில் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, பெயருக்கு உரிய அசல் சங்கை இழுப்பறையிலிருந்து கண்டெடுக்க முடிகிறது. அவர் பிழை செய்த இடத்திலும் அந்தப் பிழையைத் திருத்தும் சான்றை அவரே அளித்திருக்கிறார். விற்பனைக்காக மட்டும் படம் போட்டவருக்கு அந்தக் கவனம் தேவைப்பட்டிருக்காது.

பதிப்பாளராகவும் அவர் லாபத்தை மட்டும் பார்க்கவில்லை. தாவரவியலாளர் ஹூக்கர் சிக்கிமின் ரோடோடென்ட்ரான் பூச்செடிகளைப் பற்றி எழுதிய நூலை வெளியிட்டவர் அவர். 1853இல், அன்று அதிகம் அறியப்படாத இயற்கையியலாளர் வாலஸின் அமேசான் பயண நூலை 750 பிரதிகள் அச்சிட்டார். 1862இல் வாலஸ் தம் அடுத்த பயணம் முடிந்து நாடு திரும்பியபோது 250 பிரதிகள் விற்காமல் கிடந்தன.

ரீவின் தொகுதிகள் உயிர்ப்பல்வகைமைப் பாரம்பரிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கூம்புச் சங்குப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். படத்தை மட்டும் பார்த்து நகராமல், எதிரே உள்ள சிறு விவரிப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

அன்புடன்.